இரண்டாவது கிட்டார்

ராஜபாளையம்,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் பியூலாவுக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவருடைய கிருபையில் நானும் உன் அப்பாவும் இங்கே இருக்கிறோம், நடக்கிறோம், பசித்தால் சாப்பிடுகிறோம். அதே கிருபை அந்தக் குளிர் தேசத்தில் உன்னையும் போர்த்தி வைத்திருக்கிறது என்று நம்பித்தான் காலையில் அடுப்பைப் பற்ற வைக்கிறேன். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிற அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டு வெங்கடேஸ்வரியின் தம்பி டப்ளினுக்குப் புறப்படுகிறான், அவனிடம் நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் கொடுத்து விடுகிறேன், அதோடு இதையும் வைக்கிறேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அப்பாவுக்காகக் கேட்கிறேன், வினோத்தைப் பற்றியது. போனில் பல தடவை வாய்வரைக்கும் வந்துவிட்டது, உன் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு வைத்த குழம்பைப் பற்றிப் பேசி வைத்துவிட்டேன். உன் தம்பி பேர் எடுத்தாலே நீ நெட்வொர்க் சரியில்லை என்கிறாய். நான் ஒன்றும் அறியாதவள் இல்லையே, அயர்லாந்தில் அம்புட்டு மோசமாகவா நெட்வொர்க் இருக்கும்? கடிதத்தில் என்றால் நீ முகத்தைத் திருப்பினாலும் எனக்குத் தெரியாது, நான் அழுதாலும் உனக்குத் தெரியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அவர் வாயைக் கட்டியதால் இல்லை, சாப்பாடே குறைந்துவிட்டது, அதனால். மில்லில் இருந்து ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆன பிறகும் ஷிப்ட் சங்கு ஊதினால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். மலையில் நல்ல மழை, இங்கே தூறல்தான், துணி காயவில்லை. சபையில் புது ஐயர் வந்திருக்கிறார், பிரசங்கம் நீளம், குரல் நல்ல குரல். நீ அனுப்பிய ஸ்வெட்டரை அப்பா ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, ராஜபாளையத்தில் இதை எந்த மாதத்தில் போடுவது என்று கேட்டு மடித்து வைத்திருக்கிறார். கல்யாணப் பேச்சை இந்தக் கடிதத்தில் எடுக்கப் போவதில்லை, தைரியமாகப் படி.

விஷயத்துக்கு வருகிறேன். வினோத் போன பிறகு மாடி ரூமில் என்ன நடக்கிறது என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீ அடக்கத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனாய் அல்லவா, அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கழித்து அவனோடு வாசிக்கிற சிவபாண்டியும் பெனினும் வந்து வாசலில் நின்றார்கள். சிவபாண்டிதான் தலையைக் குனிந்துகொண்டு, அம்மா மேல ரூம்ல செத்த நேரம் வாசிச்சிக்கிடட்டுமா என்று கேட்டான். நான் அப்பாவைப் பார்த்தேன், அவர் சாவியை எடுத்து நீட்டினார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார்கள். ஆராதனை முடிந்து, சாப்பாடு முடிந்து, தெரு தூங்குகிற நேரத்தில் பெனின் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து பைக்கில் வந்து இறங்குவான், சிவபாண்டி மில் ஹாஸ்டலில் இருந்து நடந்தே வருவான். வாசிக்கிறது அதே இங்கிலீஷ் ரெக்கார்டுதான். நீ மதுரையில் நர்ஸிங் படிக்கும்போது ஹாஸ்டல் பிள்ளையிடம் வாங்கி பென் டிரைவில் கொண்டு வந்தாயே, அட்டைப் படத்தில் ரயில் தண்டவாளமும் ஒரு மொட்டை மரமும் இருக்குமே, அது. அதைக் கேட்ட பிறகுதானே உன் தம்பி கிட்டார் வாங்கித் தராவிட்டால் ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்று சாப்பிடாமல் கிடந்தான். ப்ளூஸ் என்றால் துக்கப் பாட்டு அம்மா என்று எனக்குச் சொல்லித் தந்தான். துக்கப் பாட்டுக்கு இம்புட்டுச் சத்தமா என்று கேட்டேன், துக்கம் சத்தம் போடாதாம்மா என்றான். அன்றைக்கு எனக்கு அது வாயாடித்தனமாகத்தான் பட்டது.

இந்தப் பையன்கள் கல்யாண வீட்டில் வாசிக்கிறார்கள், சபை அசன விருந்துக்கு வாசிக்கிறார்கள், கோயில் கொடை விழாவில் கச்சேரிக்குப் போகிறார்கள், எத்தனையோ பாட்டு கையில் இருக்கிறது, இந்தப் பழைய வெள்ளைக்காரன் ரெக்கார்டை மட்டும் எதற்குத் திரும்பத் திரும்ப என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். மத்ததெல்லாம் ஊருக்கு வாசிக்கிறதும்மா, இது எங்களுக்கு வாசிக்கிறது என்றான் சிவபாண்டி. முதல் பாட்டில் ஆரம்பித்து அட்டையில் உள்ள வரிசைப்படி கடைசிவரை போவார்கள், நடுவில் நிறுத்துவது கிடையாது, தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார்கள். அதில் இரண்டு கிட்டார் இருக்கிறதாம், ஒன்று கேட்குமாம், மற்றது பதில் சொல்லுமாம். புருசனும் பொஞ்சாதியும் சண்டை போட்டுக்கிட்டே ஒரே ரோட்டில் நடந்து போற மாதிரி என்று வினோத் என்னிடம் சொல்லியிருக்கிறான். கேட்கிறது சிவபாண்டி, பதில் வினோத்.

அந்தப் பதிலை இப்போது யாரும் வாசிப்பதில்லை பியூலா. சிவபாண்டி கேட்டுவிட்டு நிறுத்துவான். பெனின் மட்டும் அடியில் டும் டும் என்று தாளத்தைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருப்பான். வினோத் வாசிக்க வேண்டிய நேரம் முழுக்க அப்படியே காலியாகப் போகும், அது முடிந்த பிறகு சிவபாண்டி அடுத்ததைத் தொடங்குவான். முதல் வாரம் நான் பையன்கள் மறந்துவிட்டார்கள் போல என்று நினைத்தேன். காப்பி கொண்டு போனபோது பார்த்தால் வினோத்தின் கிட்டார் அதன் ஸ்டாண்டில் நிற்கிறது, ஒயர் மாட்டியிருக்கிறது, ஆம்ப்ளிபையரில் சிவப்பு விளக்கு எரிகிறது. சுருதியும் சேர்த்து வைத்திருக்கிறான் சிவபாண்டி, ஒவ்வொரு வாரமும் வந்ததும் முதல் வேலை அதுதானாம். அது அவன் எடம்மா, நாங்க யாரும் வாசிக்க மாட்டோம் என்றான். பல் விழுந்த இடத்துக்கே நாக்கு போகிற மாதிரி என் காது அந்த இடத்துக்கே போகும். குக்கர் சத்தம் கேட்கும், காக்கா கத்துவது கேட்கும், வெங்கடேஸ்வரி வீட்டு டி.வி. கேட்கும், அவன் மட்டும் இருக்க மாட்டான். ஆனாலும் எனக்கு அது வேண்டியிருந்தது. வாரத்தில் ஒரு நாள் அவனுக்கென்று ஒரு இடம் விட்டு வைக்க இரண்டு பேராவது இருக்கிறார்களே என்று இருந்தது.

உன் அப்பாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. வினோத் இருந்தபோது மில்லுலயும் சத்தம் வீட்டுலயும் சத்தமா என்று கீழே இருந்து கத்துவார், அவன் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பான். அந்த மனுஷன் இப்போது ஞாயிறு மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு மாடிப்படியில் பாதியில் போய் உட்கார ஆரம்பித்தார். மேலேயும் போக மாட்டார், கீழேயும் வர மாட்டார். முதுகுக்கு ஒரு தலையணை கொண்டு போய்க் கொடுத்தேன், அவ்வளவுதான் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டது.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்வின் என்று ஒருவர் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், உன் அப்பாவைவிட இரண்டு மூன்று வயது இளையவர் இருப்பார், அங்கே சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறவராம். அடுத்த தெருவில் இருக்கிற தங்கச்சி வீட்டில் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போகிற வழியில் நம் வீட்டுச் சத்தம் காதில் விழுந்திருக்கிறது. காலேஜ் படித்த காலத்தில் அந்த ரெக்கார்டைக் கேசட்டில் கேட்டுக் கேட்டு வாசித்தவராம், கூட வாசித்தவர்கள் ஒருத்தர் பம்பாய், ஒருத்தர் வளைகுடா என்று போய்விட்டார்களாம், அதற்குப் பிறகு அதை வாசிக்கிற ஒரு ஆளை அவர் கண்டதே இல்லையாம். வெயிலில் தெருவில் நின்று கேட்டிருக்கிறார். பிறகு பொறுக்க முடியாமல் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, அப்பாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு மாடிக்கு ஏறியிருக்கிறார். அப்பாவும் சபை ஆள் யாரோ பையன்களைப் பார்க்க வந்திருக்கிறார் என்று ஒதுங்கி வழி விட்டிருக்கிறார். பையன்கள்தான் நடுவில் நிறுத்த மாட்டார்களே, தலையை ஆட்டிவிட்டு வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்த மனுஷனுக்குச் சாவு நடந்த வீடு என்று எப்படித் தெரியும், சொல். அவர் கண்ணுக்குப் பட்டது சுருதி சேர்த்து, ஒயர் மாட்டி, விளக்கு எரிகிற ஒரு கிட்டார். இரண்டாவது ஆள் இன்னும் வந்து சேரவில்லை என்று நினைத்துவிட்டார். சிவபாண்டி கேட்டுவிட்டு நிறுத்தியதும் இவர் எடுத்துப் பதில் வாசித்துவிட்டார்.

நான் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்தது, வழக்கம்போல என் காது அங்கே போனது, போன இடத்தில் கிட்டார் வாசித்தது. வந்துவிட்டான் என்று நினைத்தேன் பியூலா. ஒரு நிமிஷம்கூட இருக்காது, ஆனால் நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். செருப்பில்லாத காலோடு ஓடினால் எனக்கு முன்னால் அப்பா முழங்கால் வலியையும் மறந்து மேலே ஏறிவிட்டிருந்தார். யாருய்யா நீ, யாரக் கேட்டுத் தொட்ட என்று அவர் போட்ட சத்தத்தில் வெங்கடேஸ்வரி வீட்டில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். அந்த மனுஷன், ஆளு வரல போலன்னு நெனச்சிட்டேன் அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதிய என்று கிட்டாரை வைத்துவிட்டார். இறந்துபோன கூட்டாளியோடது சார் என்று சிவபாண்டி அழுதுகொண்டே சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா யாரையும் விடவில்லை. எல்லாரும் எறங்குங்கலே, இனிமே இங்க ஒருத்தனும் வரப்பிடாது என்று பையன்களையும் சேர்த்து அனுப்பிவிட்டு ரூமைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீடு ஒரு வீடாகவே இல்லை. ஞாயிறு மத்தியானம் அதே நேரத்துக்கு அதே படியில் போய் உட்காருவார், மேலே ஒரு சத்தமும் இருக்காது, இவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். வாங்கடா என்று ஒரு வார்த்தை சொன்னால் பையன்கள் பறந்து வருவார்கள், அதையும் சொல்ல மாட்டார். சிவபாண்டிக்குத் தை மாதம் கல்யாணம், அதற்குப் பிறகு ஓசூரில் வேலை பார்க்கப் போகிறானாம். அவனும் போய்விட்டால் பெனின் ஒருவன் எதை வாசிப்பான், நம் பிள்ளையின் இடம் என்று ஒன்று யாருக்கு ஞாபகம் இருக்கும் என்று எனக்கு ஒரே கவலை. அந்த எட்வினை நானும் மனதுக்குள் திட்டாத திட்டு இல்லை.

போன மாதம் அவரே திரும்ப வந்தார், பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்க. நான் நாற்காலி போட்டேன், அப்பா எழுந்திருக்கவும் இல்லை, வாங்க என்று சொல்லவும் இல்லை. எட்வின்தான் பேசினார். தெரியாம செஞ்சதுதான் அண்ணாச்சி, ஆனா பொய் சொல்லப்பிடாது, அந்த ரெக்கார்டத் தெரிஞ்சவனால அந்த எடத்தச் சும்மா கேட்டுக்கிட்டு நிக்க முடியாது, கை தானா போயிட்டு என்றார். அவர் பெண்சாதி, அன்னைக்கு வந்ததுல இருந்து அவிய கிட்டாரையே எடுக்கல அண்ணாச்சி என்று சொன்னாள். அப்பா அவர் விரல்களைப் பார்த்தார். பிறகு, நீங்க அன்னைக்கு வாசிச்சியளே, எம் மகன் வாசிச்சதும் அதுதானா என்று கேட்டார். எட்வின் சொன்னார், நான் வாசிச்சது ரெக்கார்டுல இருக்கிறது அண்ணாச்சி, ஒங்க மகன் எப்படி வாசிச்சான்னு கூட வாசிச்ச பிள்ளைகளத்தான் கேக்கணும். அப்போதுதான் உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எந் தலைக்கு மேலயே இத்தன வருசம் வாசிச்சான், சத்தத்தக் கொறை கதவச் சாத்துன்னுதான் சொன்னேன், ஒரு நா காது கொடுத்துக் கேட்டதில்ல. அவன் போன பொறவு அவன் இல்லாததத்தான் கேட்டேன். அன்னைக்கு நீங்க வாசிச்சப்பதான், இதையா எம் பிள்ள செஞ்சுக்கிட்டு இருந்தான்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. இதைச் சொல்லிவிட்டு அழுதார். கல்லறையில்கூட அழாத மனுஷன், வெளி ஆள் முன்னால் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன், வேறென்ன செய்ய.

அந்த வாரமே பையன்களுக்குப் போன் போட்டு வரச் சொன்னார். எட்வினையும் வரச் சொன்னார், அவங் கிட்டாரத் தொடாதிய, ஒங்களோடதக் கொண்டாங்க என்று சொல்லி. இப்போது ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வாசிக்கிறார்கள், அப்பா படியில் இல்லை, ரூமுக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்காருகிறார். நல்லதுதானே என்பாய். ஆனால் முதல் நாளே சிவபாண்டி சொல்லிவிட்டான், வினோத் ரெக்கார்டில் உள்ள மாதிரி வாசிக்க மாட்டானாம். ரெக்கார்டுல உள்ளவன் கேட்ட ஒடனே பதில் சொல்லுவாம்ப்பா, வினோத் செத்த பொறுத்துத்தான் சொல்லுவான், லேட்டுலேன்னு நாங்க திட்டுவோம், அவன் சிரிப்பான் என்றான். எட்வின் பொறுத்துப் பொறுத்து வாசித்துப் பார்த்தார். இப்படி இல்ல சார் என்றான் சிவபாண்டி, இன்னொரு மாதிரி வாசித்தார், அதுவும் இல்லை என்றான். அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. எங்கயாச்சும் பிடிச்சு வச்சிருக்கியளாலே என்று கேட்டார். கல்யாண வீட்டு வீடியோவில் எல்லாம் பாட்டுக்காரனும் கீபோர்டும்தான் கேட்கிறது. அவன் போன் லாரிக்கு அடியில் என்ன ஆனது என்று உனக்குத் தெரியும், பெனின் தன் செல்போன் ரிப்பேர் கடையில் வைத்துப் பார்த்து, மதுரைக்கும் அனுப்பிப் பார்த்துவிட்டான், ஒன்றும் எடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து அப்பா வாரா வாரம் சிவபாண்டியிடம் அதே கேள்வியைக் கேட்கிறார், அவன் எப்படிலே வருவான், எம்புட்டு நேரம் பொறுப்பான் என்று. அந்தப் பையன் வாயால் சொல்லிக் காட்டுகிறான், கையைத் தட்டிக் காட்டுகிறான். அப்பாவும் தலையை ஆட்டுகிறார், ஆனால் அவருக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிகிறது.

போன சனிக்கிழமை அப்பாவிடம் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். புரட்டாசிச் சனி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் நிற்க இடமில்லை. பெனின் கடையில் போய் உட்கார்ந்து, வேறு யாரிடமாவது இருக்குமா என்று யோசித்துச் சொல்லப்பா என்றேன். அவன் ரொம்பத் தயங்கிவிட்டுச் சொன்னான், அக்காவுக்கு அனுப்புவாம்மா, வாசிச்சு முடிச்சதும் வாய்ஸ் மெசேஜ்ல மொத ஆளா அக்காவுக்குத்தான் அனுப்புவான், அக்கா மார்க் போடுவாங்க, ஒரு நாளும் நூறு போட்டதில்லன்னு எங்ககிட்ட கொறைபட்டுக்கிடுவான். எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது பியூலா. நீங்கள் இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறீர்கள். பிறகு இன்னொன்றும் சொன்னான். விபத்து நடந்த அன்றைக்குக் கிளம்புகிறதுக்கு முன்னாலும் ஒன்று வாசித்து அனுப்பினானாம், அந்த ரெக்கார்டில் உள்ளதுதானாம். டீ குடிக்கும்போது, அக்கா இன்னும் கேக்கலலே, டூட்டில இருப்பா போல என்று சொன்னானாம்.

அது இன்னும் அப்படியே உன் போனில் இருக்கிறது, நீ திறக்கவில்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை, நீ என் பிள்ளை, எனக்குத் தெரியும். திற என்று நான் சொல்ல மாட்டேன், அந்த உரிமை அம்மாவுக்கும் கிடையாது. ஆனால் பெனின் சொல்கிறான், திறக்காமலே இன்னொருத்தருக்கு அனுப்ப முடியுமாம், அழுத்திப் பிடித்து அனுப்பினால் போதுமாம், நீ ஒரு சத்தம்கூடக் கேட்க வேண்டியதில்லையாம். அதை எனக்கு அனுப்பு கண்ணே. நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை, உன்னால் முடியாமல் போனால் அவருக்குத் தெரியவே வேண்டாம் என்றுதான். முடியவில்லை என்றால் காரணம் ஒன்றும் எழுதாதே, சும்மா இருந்துவிடு, எப்போதும்போல வீடியோவில் வா, குழம்பைப் பற்றிப் பேசுவோம். அப்பாவுக்காக என்று சொல்லித்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன், இவ்வளவு எழுதிய பிறகு மறைப்பானேன், எனக்கும் வேண்டும். அவன் எவ்வளவு நேரம் பொறுப்பான் என்று எனக்கும் தெரிய வேண்டும்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கைபடுகிற நோயாளிகளுக்கெல்லாம் சுகம் தருவாராக. சோற்றைப் பொங்கி பிரிட்ஜில் வைத்து நாள் கணக்கில் தின்னாதே, ஊறுகாய்க்கு ஈரக் கரண்டி போடாதே, டூட்டி முடிந்து வந்தால் தலையைத் துவட்டிவிட்டுப் படு.

உன்னையும் அவனையும் பெற்ற அம்மா,
பரிபூரணம்